மல்லாபூரில் கண்ட மஞ்சட் பை

ஐதராபாத் நகரைக் காண ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் யாவரும் அறிந்தவையே. சார்மினாரைக் காட்டுகிறோம், கோல்கொண்டாக் கோட்டை வாயிலில் கைதட்டி, அவ்வோசை மலையுச்சியில் கேட்கும் விந்தையைச் சொல்லுகிறோம், சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் மணியடிக்கும் பொம்மைக்காகக் காத்து நிற்கிறோம். மல்லாபூரைக் காட்டினோம் என்று சொல்லுவார் எவரும் இலர். அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது? சென்ற ஆயுத பூசைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சங்கச் சந்தா வாங்கும் பொருட்டுப் புறப்பட்ட நாங்கள் இருவரும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் அங்கே ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சட் பை ஒன்றைக் கண்டு திரும்பிய பின், அதைப் பற்றி நம் அன்பர்களுக்கு எழுதாமலிருக்க எங்களால் இயலவில்லை.

செகந்திராபாத்தில் மெட்ரோ ரயில் ஏறினால் மெட்டுகூடாவும் தார்நாக்காவும் கடந்து ஹப்சிகூடாவில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்து நாச்சாரம் வழியாகச் சென்றால் மல்லாபூர் வந்துவிடுகிறது. வழிநெடுகப் பாறைகள். யானைகள் படுத்திருப்பன போன்ற கருங்கற்கள் வீடுகளுக்கு இடையிலும் தலைகாட்டுகின்றன. குதுப்ஷாஹி மன்னர் காலத்துத் தர்காவைத் தலையில் தாங்கி நிற்கும் மௌலா அலிக் குன்றும் அத்தகைய ஒரு பெரும் பாறையே. சற்றுத் தொலைவில் நாட்டின் அணு உலைகளுக்கு எரிபொருள் செய்யும் வளாகம், 1971-ல் தொடங்கப்பெற்றது, இருக்கிறது. மல்லாபூரிலோ எண்ணற்ற சிறு பட்டறைகள். கடைசல் இயந்திரங்களின் ஓசை. இரும்பு அறுக்கும் மணம். ஒரே தெருவில் தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் தமிழும் கலந்து ஒலிக்கின்றன. பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஒருவர் மொழியை ஒருவர் பாதி கற்று, மீதியைச் சிரிப்பால் நிரப்பிக்கொள்ளும் ஊர் அது.

நாங்கள் சென்ற வீட்டுக்காரர் வேலூர்ப் பக்கத்தவர். ஒரு பட்டறையில் லேத் வேலை பார்ப்பவர். மனைவி, பள்ளியில் படிக்கும் மகன், முதிய தாயார் ஆகியோருடன் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் வசிக்கிறார். சந்தாவைக் கொடுத்துவிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் அந்த மஞ்சட் பையைப் பார்த்தோம். கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கும் பை. மணமக்கள் பெயர் பாதி அழிந்திருந்தது. “கடைக்குப் போகும் பையா?” என்று விளையாட்டாகக் கேட்டோம். “இல்லை ஐயா, அதுதான் எங்கள் வீடு” என்றார் அவர். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்ன வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்நகரின் நீர் வழியைச் சிறிது அறிதல் வேண்டும். 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி பெருகி ஐதராபாத்தை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இன்று உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரம் ஒன்றில் தொற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். பின்னர் பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யா வரவழைக்கப்பெற்றார். அவர் வகுத்த திட்டத்தின் வழியே உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) எழுந்து, நதியின் வெள்ளத்தை அடக்கின. ஆனால் மல்லாபூர் போன்ற பகுதிகளுக்கு ஆபத்து மூசியால் வருவதன்று. பாறை நிலத்தில் மழைநீர் எளிதில் உள்ளிறங்குவதில்லை. முன்னோர் அதனை உணர்ந்து, ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீர் செல்லுமாறு சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தனர். அவ்வேரிகளுக்கு இடையிலிருந்த கால்வாய்களின்மேல் வீடுகள் எழுந்தபோது, நீருக்கு வீடுகளே வழியாயின.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, அம்மழை வந்தது. பேகம்பேட்டையில் ஒரே நாளில் சுமார் 19 சென்டிமீட்டர் பெய்தது. கிழக்கே கட்கேசர்ப் பக்கத்தில் அளவு 30 சென்டிமீட்டரையும் தாண்டியது. ஹப்சிகூடா, இராமந்தாபூர், உப்பல் பகுதிகளில் தெருக்கள் ஆறாயின. நம் நண்பர் அப்போது இதே வட்டாரத்தில், கால்வாயை ஒட்டிய தாழ்வான சந்து ஒன்றில் குடியிருந்தார்.

“இரவு எட்டு மணிக்குத் தண்ணீர் வாசற்படியில் இருந்தது. ஒன்பது மணிக்குக் கட்டிலில் இருந்தது. மின்சாரம் போய்விட்டது. குழந்தையை இவள் தூக்கினாள். அம்மாவை மாடிக்கு ஏற்றினேன். திரும்பி வந்து எதை எடுத்தேன் தெரியுமா? டி.வி.யை!” என்று சொல்லித் தம்மையே நொந்துகொண்டார். கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. குழந்தையின் பிறப்புச் சான்று, இருவருடைய பள்ளிச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், ஊரிலுள்ள மனையின் பத்திரம், மனைவியின் வளையல்களை வைத்துக் கடன் வாங்கிய அடகுச் சீட்டு எல்லாம் அதனுள்ளேதான். பெட்டி ஓர் இரவும் ஒரு பகலும் நீரில் கிடந்தது. திறந்து பார்த்தபோது மையால் எழுதியவை கரைந்திருந்தன; பத்திரத்தின் தாள்கள் அப்பளம்போல் ஒட்டியிருந்தன; அடகுச் சீட்டு கூழாகிவிட்டது.

அவருடைய கைப்பேசியும் நீரில் மூழ்கிவிட்டது. பணம் வங்கியில் இருந்தது. அதை எடுக்கும் வழியில்லை. மின்சாரமில்லாத கடையில் கைப்பேசியால் பணம் செலுத்த முடியாதென்பதை அன்றுதான் அறிந்தாராம். அவ்வீட்டாரை இரண்டு நாள் காப்பாற்றியது முதியவளின் சுருக்குப்பை. அதில் பத்தும் இருபதும் ஐம்பதுமாக 340 ரூபாய் இருந்தது. பால், ரொட்டி, மெழுகுவர்த்தி எல்லாம் அதிலிருந்தே வாங்கினார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவ்வம்மையார், “என் இடுப்பை விட்டு அது என்றைக்குத் தம்பி இறங்கியது? இவர்கள்தான் கேலி செய்வார்கள்” என்றார்.

அதன் பிறகுதான் பெரிய துன்பம். வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்றுக்கு 10,000 ரூபாய் உதவி என்று தெலங்காணா அரசு அறிவித்தது. முதலில் பணமாகவே தெருக்களில் வழங்கினர். அந்நாட்களில் நண்பர் குடும்பத்துடன் செகந்திராபாத்தில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்தார். நவம்பரில், விடுபட்டோர் சேவை நிலையங்களில் விண்ணப்பிக்கலாம் என்றபோது நீண்ட வரிசைகள் உண்டாயின. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டும். இவரிடம் இரண்டும் கையில் இல்லை, மனப்பாடமும் இல்லை. எண்களைத் தேடித் திரட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கச் சென்றபோது, மாநகராட்சித் தேர்தலை முன்னிட்டு அவ்வுதவியை நிறுத்துமாறு மாநிலத் தேர்தல் ஆணையம் நவம்பர் 18-ஆம் நாள் ஆணையிட்டிருந்தது. “யாரையும் குறை சொல்லமாட்டேன். இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி வைக்காதது என் குற்றம்” என்றார் நண்பர்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சொந்த ஊரில் ஒருவன் வீட்டை வெள்ளம் கொண்டுபோனாலும் அவன் யார் என்று சொல்லப் பத்துப்பேர் இருக்கின்றனர். கிராம நிர்வாக அலுவலர் அவன் தந்தையை அறிவார். பள்ளித் தலைமையாசிரியர் அவனை அறிவார். திண்ணையில் அமர்ந்த கிழவர் மூன்று தலைமுறை சொல்லுவார். அயலூரில் நமக்கு அந்தத் திண்ணை இல்லை. வாடகை வீடு மாறினால் அண்டை வீட்டாரும் மாறிவிடுகின்றனர். நாம் இன்னார் என்று சாட்சி சொல்லுவது தாள்களே. அவை நனைந்தால் நனைவது தாள் மட்டுமன்று. நம் ஊரும் பேரும் நனைகின்றன. “அதுதான் எங்கள் வீடு” என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

இழந்த தாள்களை மீண்டும் பெற வழியே இல்லையென்று அஞ்ச வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மக்கள் பலர் சான்றுகளை இழந்தபோது, தமிழக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்றுச் சான்றுகளைக் கட்டணமின்றி வழங்கியது. சேதமுற்ற பாஸ்போர்ட்டுகளுக்கு மத்திய அரசும் கட்டணமின்றிப் புதியன தர முன்வந்தது. பதிவான பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும், ஆண்டு வேண்டும், அலுவலகத்தின் பெயர் வேண்டும். அவற்றைக் குறித்து வைத்தவன் கேட்டுப் பெறுகிறான். குறித்து வையாதவன் தேடி அலைகிறான். நம் நண்பர் தம் மனைப் பத்திரத்தின் நகலுக்காக மூன்று முறை ஊருக்குச் சென்று வந்தார். அடகுக் கடைக்காரர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, சாட்சி கேட்டு, வளையல்களைத் திருப்பித் தர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவர் மனைவி உறங்கவில்லை என்பதை நாங்கள் அவர் முகத்திலேயே கண்டோம்.

இப்போது அந்தப் பையினுள் இருப்பதைச் சொல்லுவோம். நண்பர் அதனை இறக்கி எங்கள்முன் விரித்தார். மஞ்சட் பைக்குள் நீர் புகாத ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. அதற்குள் இன்னோர் உறை. பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றிதழ்களும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் இருந்தன. அவற்றை லாமினேஷன் செய்யவில்லை. அவ்வாறு செய்த சான்றிதழை ஏற்க மறுக்கும் அலுவலகங்கள் உண்டு. பத்திரம், காப்பீடு, ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், மகனின் தடுப்பூசி அட்டை, தாயாரின் மருந்துச் சீட்டு, அடகுச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள் அடுக்காக இருந்தன. மனையின் மூலப்பத்திரத்தை அவர் பையில் வைக்கவில்லை. ஊரில் தம் அண்ணனிடம் ஒப்படைத்திருக்கிறார். எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்கலாகாது என்பதை ஒரு வெள்ளம் கற்பித்திருக்கிறது. வங்கிப் பெட்டகத்தை நம்பலாமே என்பீர்கள். நம்பலாம், ஆயினும் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, திருட்டும் தீயும் நேர்ந்தால் வங்கிக்குப் பொறுப்பு உண்டு, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு இல்லை. ஆகவே அங்கும் நீர் புகாத உறை வேண்டும்.

பணம் 2,000 ரூபாய் இருந்தது. எல்லாம் சிறு நோட்டுகள். “இது கிழவியின் பாடம்” என்றார் நண்பர். பெருநோட்டைக் கொடுத்து அரை லிட்டர் பால் கேட்டால் வெள்ளநாளில் சில்லறை தருவார் இல்லை. மேலும் ஒளித்துவைத்த பணத்தை மறந்துவிடுதல் கூடாது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவித்தபோது, அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் நம் தாய்மார்கள் சேர்த்திருந்த சிறுவாட்டுப் பணம் வெளிவந்ததை நாம் அறிவோம். 2000 ரூபாய் நோட்டும் 2023 மே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆகையால் பையிலுள்ள நோட்டுகளை ஆண்டுக்கு இருமுறை செலவிட்டுப் புதியன வைத்தல் நன்று. ஒருகால் நோட்டுகள் நனைந்து ஒட்டிக்கொண்டால் வலிந்து பிரிக்க வேண்டா; நிழலில் உலர்த்தி வங்கியில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். தீயில் கருகி நொறுங்கும் நிலையிலுள்ளவற்றை ரிசர்வ் வங்கியின் அலுவலகத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். நம் நகரில் அது சைபாபாத்தில் உள்ளது.

பையின் மேலாக ஒரே ஒரு தாள் இருந்தது. அதுதான் எங்களை மிகவும் கவர்ந்தது. உறவினர் நால்வரின் தொலைபேசி எண்கள், வீட்டுக்காரர் எண், பட்டறை எண், வங்கியின் பெயரும் கிளையும், ஒவ்வொருவரின் இரத்தப் பிரிவு ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தன. அதன் கீழே, ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்ற குறிப்பு. இது நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. தெலுங்கு நாட்டில் குலப்பெயராகிய இண்டிபேரு முன்னே வரும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே. விண்ணப்பத்தில் குலப்பெயர் என்ற இடத்தைக் கண்டதும் ஓரிடத்தில் தந்தை பெயரை எழுதுகிறோம், ஓரிடத்தில் ஊர்ப்பெயரை, ஓரிடத்தில் முதலெழுத்தை விரித்து எழுதுகிறோம். ஒரே மனிதர் மூன்று தாள்களில் மூன்று பேராய்விடுகிறார். ஆபத்து வருமுன்பே இதனைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்பையைக் கண்டு மகிழ்ந்திருந்த எங்களுக்கு ஒரு திடுக்கீடும் காத்திருந்தது. வங்கிப் புத்தகத்தின் பின்னட்டையில் நான்கு இலக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்! “மறந்துபோகுமென்று நான்தான் எழுதினேன்” என்றான் மகன். வெள்ளத்திலிருந்து காக்கும் பை திருடன் கைக்குப் போனால், வீட்டுக் கதவைத் திறந்து சாவியையும் கொடுத்தது போலாகும். இரகசிய எண்ணைப் பையில் வைக்கலாகாது. அது மனத்தில் இருக்க வேண்டும். அன்று இரவே அதனை மாற்றிவிடுவதாக நண்பர் உறுதி கூறினார். அவர் மனைவி அப்போதே அழிப்பானைத் தேடி எடுத்தார்.

இவ்வகையில் காக்க வேண்டியன வேறு சிலவும் உண்டு. ஆதார் நகல் கேட்கும் எல்லா இடத்திலும் முழு எண் வேண்டியதில்லை; பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கு மட்டுமே தெரியும் மறைப்பு ஆதாரை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். நகல் எடுக்கும் கடைக்கு வாட்ஸ்அப்பில் தாள்களை அனுப்பினால், அச்சானதும் அவற்றை நம் கண்முன்னே அழிக்கச் சொல்ல வேண்டும். டிஜிலாக்கர் என்னும் அரசின் பெட்டகத்தில் ஓட்டுநர் உரிமம் முதலியவற்றை வைத்துக்கொண்டால், கைப்பேசி போனாலும் வேறொரு கைப்பேசியில் அவற்றைக் காணலாம். ஆனால் அதற்கு நம் பழைய எண்ணே வேண்டும். ஆதலால் சிம் அட்டை தொலைந்தால் அதே எண்ணில் புதியது பெறுவதே முதல் வேலை. பேரிடருக்குப் பின் “நிவாரணம் வந்துள்ளது, ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று இனிய குரலில் அழைப்பார் உண்டு. பணம் பெறுவதற்கு எவரும் இரகசிய எண் கேட்க வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிவிடும்.

“இந்தப் பை இருக்குமிடம் யாருக்குத் தெரியும்?” என்று விடைபெறும்போது கேட்டோம். “நால்வருக்கும் தெரியும். தண்ணீர் வந்தால் அம்மாவை நான் ஏற்றுவேன். பையை இவள் எடுப்பாள். மகன் விளக்கை எடுப்பான். டி.வி. கிடந்துவிட்டுப் போகட்டும்” என்றார் நண்பர். கணவருக்கு மட்டும் தெரிந்த கணக்கும், மனைவிக்கு மட்டும் தெரிந்த நகையும் ஆபத்தில் யாருக்கும் பயன்படுவதில்லை என்பதை இக்குடும்பம் அறிந்துகொண்டது. வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயரையும் எழுதிவிட்டார்கள்.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று கடைசல் கருவிகளோடும் மகனின் புத்தகங்களோடும் அப்பையையும் வைத்துப் பொட்டிடுகிறார்களாம். பூசை முடிந்ததும் அதனைத் திறந்து, காலாவதியானவற்றை நீக்கி, நோட்டுகளை மாற்றி, எண்களைச் சரிபார்க்கிறார்கள். தை பிறக்கும்போது போகியன்று மறுமுறை. பழையன கழிக்கும் நாளில் வேண்டிய தாள் நெருப்பில் போய்விடாமலிருக்கவும் அது உதவுகிறது.

வாசலில் முதியவள் எங்களை வழியனுப்பினார். சுருக்குப்பையை அவிழ்த்து, எங்களுடன் வந்த குழந்தைக்கென்று பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தார். எங்களுடன் குழந்தை எதுவும் வரவில்லையென்றோம். “வீட்டில் இருக்குமே, கொடுங்கள்” என்றார். மறுக்க முடியவில்லை.

மாலையில் ஹப்சிகூடா நிலையத்தின் மேடையில் நின்று, கீழே ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேகம் திரண்டுகொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். ஒருவருக்கு அலமாரியின் அடித்தட்டில். மற்றொருவருக்கு நினைவே வரவில்லை. நாங்கள் அன்றிரவு செய்த முதல் வேலை, கதவுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஆணி அடித்ததுதான். பிழைக்க வந்த நம் இல்லங்கள் தோறும் அத்தகைய ஓர் ஆணியும் ஒரு பையும் இருக்கட்டும். அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் அதனைச் செய்துவிடுங்கள்.